பண்டிகைக்கு முந்தின பட்டினி

என் ரீத்தா அக்காவுக்கு, உன் வாயாடித் தங்கை ஆசையோடு எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ இருக்கும் இடத்தில் சர்க்கரையும் இல்லை, எடை பார்க்கும் மிஷினும் இல்லை. நான்தான் நலமாக இல்லை அக்கா. பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாமல் உன்னிடம் வந்திருக்கிறேன்.

போன மாதம் எனக்கும் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். உனக்குக் கொடுத்த அதே மாத்திரை. கிளினிக்கில் தாதி என்னை மிஷினில் ஏற்றி நிறுத்திவிட்டு, "டிசம்பர் முடியிற வரைக்கும் வெயிட் ஏறாம பாத்துக்குங்க ஆண்டி, அது போதும்" என்றாள். டிசம்பரில்! பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான்.

புக்கிட் பாத்தோக்கில் புது வீட்டுக்கு வந்துவிட்டோம், நீ பார்க்காத வீடு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக்குக்கு ஒரு தட்டு கலகலாப் பலகாரம் கொடுத்தேன். தட்டு வெறுமனே திரும்புமா? பச்சையும் சிவப்புமாக அவர்கள் இனிப்பு, குவே, நிறைந்து வந்தது. நம் ஆட்கள் வீட்டிலோ ரவையில் செய்த சூஜி கேக்கை வெட்டும்போதே நெய் விரலில் ஒட்டுகிறது. "ஒண்ணே ஒண்ணு, எனக்காக லா" என்கிறார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடிப் போகிறது. தாதி சொன்னது என்னவோ சுலபமான விஷயம்தான். வேளாவேளைக்குச் சாப்பிடு, வெளியே கிளம்பும் முன்னால் வயிற்றுக்குக் கொஞ்சம் போட்டுக்கொள், போகிற இடத்தில் ஒன்றோடு நிறுத்து.

உன் வழி அதற்கு நேர்மாறு. "நாளைக்குத் தின்னப் போறதுக்கு இன்னிக்கே பட்டினி கெடந்தா சரியாப் போச்சு. எடையும் ஏறாது, ஆண்டவருக்கு ஒறுத்தலும் ஆச்சு" என்பாய். தேக்காக் கடையில் தைத்த கிறிஸ்துமஸ் ரவிக்கை இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்பது இன்னொரு கவலை. மறுநாள் காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி நீ சாப்பிடுவதைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சிரிப்போம். மாத்திரை போடுகிறவள் பட்டினி கிடக்கலாமா என்று நம்மில் யாருக்குத் தெரிந்திருந்தது?

அந்தக் கிறிஸ்துமஸ் காலையிலும் நீ அப்படித்தான் கோயிலுக்கு வந்தாய். முந்தின நாள் முழுக்க வெறும் தேநீர். பூசையில் நன்மை அப்பம் வாங்கும் முன் வாயில் ஒன்றும் படக்கூடாது என்ற பழைய வழக்கம் வேறு. ஆனால் மாத்திரையை மட்டும் மறக்காமல் விழுங்கியிருந்தாய். முழந்தாளிட்டு, முன் பெஞ்சில் தலையைச் சாய்த்தாய். எல்லாரும் நன்மை வாங்க எழுந்தார்கள். நீ எழுந்திருக்கவில்லை. உருகி ஜெபிக்கிறாள் என்று நினைத்து, உனக்கு இடைஞ்சல் ஆகாமல் ஓசைப்படாமல் தாண்டிப் போனார்கள். மாடியில் பாட்டுக் குழுவில் நின்ற எனக்கு உன் முக்காடு மட்டும்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நீ கண் திறக்கவே இல்லை. சர்க்கரை ஏறி அல்ல, அடியோடு இறங்கித்தான் இப்படி ஆனது என்று டாக்டர் சொன்னபோது எங்களுக்கு விளங்கவில்லை. சர்க்கரைக்காரிக்கு இனிப்புத்தான் எமன் என்று நினைத்திருந்தோம்.

இதெல்லாம் தெரிந்தும் போன ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் மகள் ரோஸ்லின் சாயங்காலம் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள். எடை ஏறிவிடுமே என்ற பயத்தில், காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு ஒரு ரொட்டித் துண்டோடு நிறுத்திக்கொண்டேன். மத்தியானம் அதுவும் இல்லை. பஸ்ஸில் பாதி வழியில் கை நடுங்க ஆரம்பித்தது. குளிரூட்டிய பஸ்ஸில் வேர்த்துக் கொட்டுகிறது. சன்னலுக்கு வெளியே கட்டடங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. மடியில் ரோஸ்லினுக்கென்று கொண்டுபோன கலகலா டின் இருந்தது. எப்படித் திறந்தேன் என்று தெரியாது, அள்ளி அள்ளி வாயில் போட்டேன். பக்கத்தில் இருந்த சீனப் பெண் பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டி, ஓகே ஆ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கட்டடங்கள் ஒன்றாயின.

ரோஸ்லினிடம் மறைக்கப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"சின்னம்மா, டேப்லட் போட்டுட்டு லஞ்ச் சாப்பிடலையா?"

"பார்ட்டியில சாப்பிடத்தானே போறேன்னு..."

"அம்மா மாதிரியே பண்றீங்களே! எனக்கு இன்னொரு தடவ இதெல்லாம் தாங்காது, தெரியுமா?" சொல்லிவிட்டு அழுதாள். பிறகு சோறு போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கேக் ஒரு சின்னத் துண்டு, அதையும் அவளே வெட்டிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை அக்கா. சாப்பிட்டாலும் பயம், சாப்பிடாவிட்டாலும் பயம். உனக்கும் அப்படித்தான் கை நடுங்கியதா? நடுங்கும்போது யாரையாவது கூப்பிடப் பார்த்தாயா? கோயிலில் பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டாயா?

ஃபாதரிடம் போய்க் கேட்டேன். "நோயாளிக்கு நோன்பு இல்லம்மா, சாப்பிட்டுட்டு வாங்க" என்றார். எத்தனை சின்னப் பதில். அதை அன்றைக்கே நாம் ஏன் கேட்காமல் போனோம்?

இந்தக் கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். முந்தின நாள் மூன்று வேளையும் சாப்பிடுவேன். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் பூசைக்குக் கிளம்புவேன். ரவிக்கை பிடித்தால் பிடிக்கட்டும். பாட்டுக் குழுவுக்குப் போகாமல் கீழே ரோஸ்லின் பக்கத்திலேயே உட்காருவேன். நான் தலை குனிந்தால் ஜெபம் என்று விட்டுவிடாதே, பிடித்து உலுக்கு என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்காக வேண்டிக்கொண்டிருக்கும்போது பாதியில் அவள் என்னை உலுக்கினால் நீ கோபித்துக்கொள்ளாதே அக்கா. உன்னை உலுக்க அன்றைக்கு ஒருத்தரும் இல்லை.

உன் கூடப் பிறந்தவள்,
இன்னும் கொஞ்ச காலம் இங்கேயே இருக்க ஆசைப்படும் தங்கை,
செலின்