விரல் காய்ப்பு

மார்ச் 4, சனி

பல் டாக்டர் இன்னொரு கிட்டார் வாங்கிவிட்டான். பத்தொன்பதாவது. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் என்னையும் டிரைவரையும் கை கழுவிவிட்டு வரச் சொன்னான். பிள்ளை பெற்ற வீட்டில்கூட இவ்வளவு கெடுபிடி இருக்காது. டிரைவர் சரக்கு ரயில் ஓட்டுகிறவர், எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கருப்பு போகாது. "பாருங்கண்ணே, தொடாதீங்க. மூச்சுகூட மெதுவா விடுங்க" என்றான் அவரிடம்.

முறை வைத்து ஒவ்வொருவராக அதன் வட்டத் துளைக்குள் மூக்கை நுழைத்து மரத்தை முகர்ந்தோம். வெளியாள் யாராவது பார்த்திருந்தால் மூன்று பேரையும் கட்டிப் போட்டிருப்பார்கள்.

எங்களுக்குள் 'நல்லா இருக்கு' என்று சொல்கிற பழக்கம் கிடையாது. பிடித்திருந்தால், "விக்கிறதா இருந்தா முதல்ல எனக்குச் சொல்லு" என்போம். எவனும் விற்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். என் பழைய கிட்டார் 'கிழவி'யைப் பற்றி டாக்டர் இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பான்.

பிறகு விரலைக் காட்டுகிற போட்டி. என் இடது கை விரல் நுனிகள்தான் ஜெயித்தன. டாக்டர் பல்லைக் குத்திப் பார்க்கிற ஊசியை எடுத்து வந்து ஆள்காட்டி விரலில் அழுத்தினான். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"டேய், இது விரலா செருப்பா?"

"முப்பது வருஷமா வாசிச்ச காய்ப்பு. சும்மாவா?" என்றேன். டிரைவர் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்தும் சிரிப்பு அடங்கவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

காலையிலிருந்து என் கறுப்பு கிட்டார் 'கறுப்பி'யோடுதான். பொழுது சாயும் வரை வாசித்தும் விரலில் ஒரு வலி இல்லை. முன்னெல்லாம் இப்படி வாசித்தால் சோற்றில் கை வைக்க முடியாது. இவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "வலிக்கலையா உங்களுக்கு?" என்றாள்.

"அந்தக் கட்டத்தையெல்லாம் தாண்டியாச்சு."

"கிட்டாருக்கு வலிக்காதா?"

பொண்டாட்டி பேச்சு!

ஏப்ரல் 12, புதன்

நான் வேலை செய்கிற கடையில் இன்றும் ஸ்க்ரூவைத் தவற விட்டேன். மூக்குக் கண்ணாடிக்குப் போடுகிற ஸ்க்ரூ கடுகைவிடச் சின்னது, தரையில் விழுந்தால் போனதுதான். முதலாளி கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். புதிதாக வந்த சரக்கு சரியில்லை, வழுக்குகிறது என்று சொல்லிவைத்தேன். பக்கத்து மேசைக்காரன் அதே பெட்டியிலிருந்துதான் எடுக்கிறான். அவனுக்கு வழுக்கவில்லை.

காய்ப்பு அதிகமாகிவிட்டது போல. உப்புத்தாள் வைத்துக் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

ஏப்ரல் 27, வியாழன்

அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கினேன். வலது கையில் துணி, இடது கை வெறுங்கை. இறக்கி வைத்துவிட்டு அங்கேயே பிடித்தபடி நின்று இவளோடு பேசிக்கொண்டிருந்தேன், குழாய் ரிப்பேர்காரன் வந்தானா இல்லையா என்று. ஏதோ கருகுகிற வாடை. அடுப்பில் என்னத்தை விட்டாள் என்று திரும்பிப் பார்க்கிறேன் — அவள் என் கையைப் பார்த்துக் கத்துகிறாள்.

தோல் பாத்திரத்தில் ஒட்டியிருந்தது. என் தோல்.

வலிக்கவில்லை. இதை எழுதும்போதுதான் பயம் வருகிறது. வலிக்கவே இல்லையே!

மே 2, செவ்வாய்

நரம்பு டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணை மூடச் சொல்லி, குண்டூசியின் கூர் படுகிறதா கொண்டை படுகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். வலது கையில் எல்லாமே சரியாகச் சொன்னேன். இடது கைக்கு வந்ததும் ஊசி வைப்பதையே நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால் ஊசி விரலில் குத்தி நிற்கிறது.

"அது காய்ப்பு டாக்டர். கிட்டார் வாசிக்கிறேன்."

"காய்ப்பு உள்ளங்கையில வருமா சார்? முழங்கைக்குக் கீழ பாதி வரைக்கும் உங்களுக்கு உணர்வு இல்ல."

கழுத்தில் எலும்புக்கு நடுவே இருக்கிற தட்டு பிதுங்கி நரம்புத் தண்டை அழுத்துகிறதாம். இப்போது இடது கை. விட்டால் வலது கை, அப்புறம் கால். ஆபரேஷன் செய்தால் மேலே போகாமல் நிறுத்தலாம். போனது திரும்புமா என்றேன். சிலருக்குக் கொஞ்சம் திரும்பும் என்றார். எத்தனை மாதமாக இப்படி, முதலிலேயே ஏன் வரவில்லை என்று கேட்டார்.

என்னத்தைச் சொல்ல! பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன் என்றா?

மே 3, புதன்

பல்லானாலும் அவனும் டாக்டர்தானே! அவன் கையாலேயே ஊசியை வைத்துக் குத்தினானே! மடையன். பத்தொன்பது கிட்டார் பாவி.

என்னைவிட மடையன் இல்லை. அது தெரியும். இருந்தாலும் இன்று அவனைத் திட்டாமல் இருக்க முடியவில்லை.

மே 20, சனி

பல் டாக்டர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். டிரைவர், "அடக் கடவுளே" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் எழுந்து போய்க் கை கழுவினான். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

ஜூன் 2, வெள்ளி

நாளைக் காலை ஆபரேஷன். ஏழு கிட்டாரையும் ஒரு தடவை வாசித்து வைத்தேன். எந்தக் கம்பியை அழுத்துகிறேன் என்று விரலைப் பார்த்துப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. கிழவியைக் கடைசியில் எடுத்தேன். அழுகை வந்துவிட்டது.

ஜூலை 9, ஞாயிறு

கழுத்துப் பட்டையோடு நாற்காலியில். இரண்டு பேரும் பார்க்க வந்தார்கள். மழை வருமா என்று பேசினார்கள். மாத்திரை எத்தனை வேளை என்று கேட்டார்கள். டிரைவர் மின்விசிறியைப் பார்த்து, "நல்ல காத்து" என்றார். சுவரில் ஏழு கிட்டார் தொங்குகிறது, ஒருவரும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை! முப்பது வருஷத்தில் நாங்கள் மழையைப் பற்றிப் பேசியதே கிடையாது.

எவ்வளவு நேரம்தான் பொறுப்பது?

"எழவு வீட்டுக்கா வந்திருக்கீங்க? கிட்டாரப் பத்திப் பேசுங்கடா!" என்று கத்திவிட்டேன். கழுத்தில் சுரீர் என்றது.

இவள்தான் அவர்களிடம் வாசலிலேயே சொல்லிவைத்திருக்கிறாள், கிட்டார் பேச்சே எடுக்கக் கூடாது, மனசு உடைந்துவிடும் என்று. டிரைவர் திக்கித் திக்கி ஏதோ புதுக் கம்பி வந்திருக்கிறதென்று ஆரம்பித்தார். டாக்டர் கிழவியை ஏறிட்டுப் பார்த்தான். வாய் திறந்தான், மூடிக்கொண்டான். வழக்கமாகச் சொல்கிறதை அவன் சொல்லவில்லை.

இனி விற்றுவிடுவேன் என்று அவனுக்கே தோன்றிவிட்டது. அதனால்தான் சொல்லவில்லை. என் நிலைமை எனக்குப் புரிய அது போதும்.

ஆகஸ்ட் 12, சனி

பிசியோதெரபி அறையில் ரப்பர் பந்தைப் பிசைகிறேன். பந்து கையில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கையை ஆட்ட முடிகிறது, கட்டை விரல் சொன்னதைக் கேட்கிறது, மற்ற நான்கும் கேட்கவில்லை. இன்று டாக்டரம்மா நேராகவே சொல்லிவிட்டார்: வர வேண்டியது இதற்குள் வந்திருக்கும்.

கிட்டாரில் இடது கை கம்பியை அழுத்த வேண்டும், வலது கை மீட்ட வேண்டும். என் ஏழும் அப்படிச் செய்தவை. கம்பியை மாற்றிக் கட்டலாம்தான். ஆனால் கம்பியைத் தாங்குகிற மேல்கட்டை, கீழ்க்கட்டை எல்லாவற்றையும் அறுத்து மறுபடி செதுக்க வேண்டும், கிழவியைக் கொன்றுபோடுகிற மாதிரி.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். துடைக்கலாம், பெட்டியைத் திறந்து திறந்து மூடலாம், வருகிறவர்களுக்குக் காட்டலாம். அப்படி வைத்திருக்கிறவர்களை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்!

செப்டம்பர் 23, சனி

கொடுத்துவிட்டேன். ஐந்தைக் கிட்டார் கடைக்காரர் வண்டியோடு வந்து எடுத்துப் போனார். கறுப்பியை டாக்டருக்குக் கொடுத்தேன். கிழவி டிரைவருக்கு.

டாக்டருக்கு முகம் செத்துவிட்டது. "கிழவிய எனக்கு ஏன்டா கொடுக்கல?"

"நீ பூட்டி வெச்சுடுவ. அண்ணன் வாசிப்பார்."

அடிப்பான் என்றுதான் நினைத்தேன். நடு அறையில் நின்று அழுதான், அவ்வளவு பெரிய ஆள். "ஊசிய வெச்சுக் குத்தினேன்டா. நான் குத்தினேன். எனக்குத் தெரியலடா" என்றான் திரும்பத் திரும்ப. உனக்கு மட்டுமா தெரியவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அவன் கையில் கறுப்பியைக் கொடுத்து, "வாசி" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசித்தான். மோசமாக வாசித்தான். வாங்குகிறதிலேயே ஆயுசைப் போக்கினால் அப்படித்தான்.

டிரைவர் கிழவியைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். ஜன்னலுக்குப் போகக் கூடாது என்று நினைத்தேன். போய்விட்டேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

சுவரில் ஏழு ஆணி. இவள் பிடுங்கட்டுமா என்று கேட்டாள். எரிந்து விழுந்தேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

கடைக்காரர் போன் செய்தார். இடது கைப் பழக்கக்காரர்களுக்குச் செய்த கிட்டார் ஒன்று கிடங்கில் கிடக்கிறதாம், வருஷக்கணக்கில் ஒருவரும் சீண்டவில்லை. "சும்மாதான் கெடக்கு சார், எடுத்துட்டுப் போறீங்களா?" அதில் வலது கைதான் அழுத்த வேண்டும். இடது கை மீட்டினால் போதும்.

போனேன். பிளைவுட் உடம்பு, பச்சை வர்ணம். தவளை மாதிரி இருக்கிறது. போன வருஷம் யாராவது இதை என் கையில் கொடுத்திருந்தால் கை கழுவியிருப்பேன். கம்பியை மீட்ட, மோதிரம் போல மாட்டிக்கொள்கிற பிக் ஒன்றையும் கொடுத்தார். கட்டை விரலில் போட்டு இவள் நூலால் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

வலது கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. முப்பது வருஷம் நானா வாசித்தேன்? முதல் பாடத்திலேயே வருகிற ஒரு ஜி கார்ட் பிடிக்க விரல் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது. கம்பி டொக்கு டொக்கு என்கிறது. எடுத்து அடித்து உடைத்துவிடலாமா என்று வந்தது. முன்பு வாசித்ததை இனி வாசிக்க ஆயுசு கிடையாது. கணக்குப் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

அக்டோபர் 21, சனி

டாக்டர் வந்து தவளையைப் பார்த்தான். முகர்ந்தான். "பெயிண்ட் வாடைடா" என்றான். சிரிக்கவில்லை, ஆனால் பேசினோம்.

நவம்பர் 5, ஞாயிறு

ஆபரேஷன் முடிந்ததிலிருந்து இவளுக்கு ஒரு பழக்கம். காலையில் காபியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் என் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்திப் பார்ப்பாள். அந்தக் கைக்கும் வந்துவிடுமோ என்று பயம். வாய் திறந்து கேட்க மாட்டாள். நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன். தெரிகிறது என்று தலையை மட்டும் ஆட்டுவேன்.

நேற்று ரொம்ப நேரம் தவளையோடு இருந்துவிட்டேன். இன்று விரல் நுனியெல்லாம் சிவந்து, ஆள்காட்டி விரலில் கொப்புளம்.

அவள் அழுத்தினாள்.

"ஐயோ! விடுடி! உயிரு போகுது!" என்று கத்தினேன்.

விடவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, அடுத்த விரலைப் பிடித்து அதையும் அழுத்தினாள்.