அழைப்பிதழில் என் பெயர்

அன்புள்ள மகள் லாரஸ்,

செமாராங்கில் மழை விடவில்லை. நேற்று உன் கல்யாண அழைப்பிதழைச் சரிபார்க்க அச்சகத்துக்குப் போனேன். நம் இந்தோனேசிய வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் படிப்புப் பட்டத்தைப் போட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறவர்களுக்கான ஆங்கிலப் பக்கம்தான் பாக்கி.

அச்சகக்கார அம்மா நிங்ஸி சிரித்தார். "இங்கிலீஷ் வாத்தியாருக்கு நான் சொல்லித் தரணுமாக்கும்! யுனிவர்சிட்டியில பட்டம் வாங்கினவர்னு போடவா, யுனிவர்சிட்டியில படிச்சவர்னு போடவா? ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

ஒன்றல்ல. முப்பது வருடம் மாணவர்களின் வேலை விண்ணப்பங்களில் அந்தக் குழப்பத்தைச் சிவப்பு மையால் திருத்தியவன் நான்.

பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்தேன், லாரஸ். கடைசி வாய்மொழித் தேர்வன்று பயந்துபோய் வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன். பட்டம் வாங்கவே இல்லை. ஆசிரியர் வேலைக்கு அப்போது பயிற்சிச் சான்றிதழே போதும். பள்ளிப் பெயர்ப்பலகையில் யாரோ பட்டத்தைச் சேர்த்து எழுதினார்கள். நான் மறுக்கவில்லை. உன் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

உன் வருங்கால மாமனார் நான் படித்த அதே துறையில் பேராசிரியராக இருந்தவர். அந்த வருடம் பட்டம் வாங்கியவர்களின் பெயர்கள் அவருக்கு நினைவிருக்கலாம்.

மூன்று முறை எழுதி அடித்தேன். கடைசியில் ஆங்கிலத்தில் 'பல்கலைக்கழகத்தில் படித்தவர்' என்றே எழுதிக் கொடுத்தேன். நம் மொழிப் பக்கத்திலும் பட்டத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். இனி அந்த வீட்டில் உன்னைக் கேள்வி கேட்பார்களோ, கல்யாணமே நின்றுவிடுமோ என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அழைப்பிதழ் செவ்வாய்க்கிழமை உனக்கு வரும். அச்சுப்பிழை என்று நிங்ஸியிடம் சண்டைக்குப் போகாதே. எனக்குப் போன் செய். முதலில் ஒரு தடவை அப்பா என்று கூப்பிடு. திட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

உன் அப்பா