டீ கொடுத்தால் மறுக்க மாட்டோம்

அக்கா,

வடக்குப்பட்டு வாழ் பெருமக்களின் மேலான கவனத்திற்கு: இன்று காலை நம் வீட்டில் ஒரு பிரைமர் டப்பா வெற்றிகரமாகத் திறக்கப்பட்டது. இப்பணியில் சாம்பார்க் கரண்டி ஒன்று வளைந்தது. வேறு சேதமில்லை.

வாசனைதான் ஆளை அடித்துவிட்டது. நீ போன பிறகு திறக்கும் முதல் டப்பா. வேலை முடிந்து வருகையில் உன் துப்பட்டாவில் இதே வாசனை இருக்கும்.

அப்பா பெயின்ட் அடிப்பார். வேலை பிடிப்பதும் எஸ்டிமேட் எழுதுவதும் நீ. அதில் 'செய்வோம்' அரைப் பக்கம், 'செய்ய மாட்டோம்' ஒரு பக்கம். கட்டில், பீரோ நகர்த்த மாட்டோம். ஈர ஓதம் காயாத சுவரில் பெயின்ட்டுக்கு முந்தைய பட்டி பூச மாட்டோம்.

"இன்னாக்கா, வேலை கேக்கறியா, வேணாம்னு சொல்றியா?"

"மூடுடா. வாயால சொன்னா ஆளுக்கொரு மாதிரி ஞாபகம் வெச்சிப்பாங்க. இப்பவே எழுதிட்டா கடைசி நாள்ல மூஞ்சத் தூக்கிக்கினு நிக்க வேணாம்."

ஒருமுறை உனக்குத் தெரியாமல் கடைசியில் 'டீ கொடுத்தால் மறுக்க மாட்டோம்' என்று சேர்த்தேன். மண்ணூர் வீட்டுக்காரர் வேலை முடியும்வரை வடையும் சேர்த்து அனுப்பினார். என் காதைத் திருகினாய். ஆனால் அந்த வரியை அப்புறம் நீ எடுக்கவே இல்லை.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. அதன்பின் அப்பா பிரஷ்ஷைத் தொடவில்லை. ஒரகடத்தில் புதிதாக ஹாஸ்டல் எடுத்த ஒரு மேடம் போன வாரம் வாசலில் வந்து பெயின்ட் அடிக்கக் கேட்டபோதும், "எஸ்டிமேட் எழுத ஆளில்லம்மா" என்றார். இப்படியே விட்டால் அவர் எழுந்திருக்கவே மாட்டாரோ என்று பயமாக இருந்தது. நானே எழுதுகிறேன் என்றேன்.

ரூம் ரூமாக அளந்தேன். பாத்ரூம் பக்கத்துச் சுவரில் ஓதத்தைக் கண்டுபிடித்தேன். எழுதி அனுப்பினேன், வேலை கிடைத்துவிட்டது. "அக்காவையே தூக்கி சாப்ட்டேன்" என்று தெரு முழுக்கப் பீற்றினேன். இன்று அப்பா ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சரி, உன்னிடம் என்ன மறைப்பது. அது உன் பழைய எஸ்டிமேட்தான். அளவை மட்டும் மாற்றினேன். ஓதத்தைப் பற்றி நீ எழுதியிருந்ததால்தான் அந்தச் சுவரைத் தொட்டே பார்த்தேன். அடியில் இருந்த உன் பெயரையும் நம்பரையும் மாற்ற மறந்துவிட்டேன்.

அதனால் நேற்று அடித்தது, அப்பா தினமும் சார்ஜ் போட்டு வைக்கும் உன் போன். எடுத்தேன். ஹாஸ்டல் மேடம்.

"வேலைய ஆரம்பிச்சிடுங்க. இதுல பேர் போட்டிருக்கே, அவங்க இல்லையா?"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா சைட்டுக்குப் போயிருக்காங்க" என்றேன்.

அப்பா என்னைத் திருத்தவில்லை. நம்பரை நானும் இன்னும் மாற்றவில்லை.