ஆகஸ்டில் யார் யார் வருவீர்கள்

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்,
செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஸ்ம்ருதிக்கு,

அம்மா எழுதுகிறேன். எடிசனில் நீ சௌக்கியமாக இருப்பதை இப்போதெல்லாம் உன் தங்கை விஷாகா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன் எடுக்காத பெண்ணுக்குக் கடிதம்தான் போட முடியும். தமிழை நீ எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாய், தெரியும். அதுவும் ஒரு வசதி. பாதியில் குறுக்கே பேச முடியாது.

வெயில் இன்னும் இறங்கவில்லை. முன்பக்கப் புல் பழுப்பாகிவிட்டது, தண்ணீர் விடுவதற்கும் கட்டுப்பாடு. அப்பாவுக்கு ஆபீஸில் மறுபடியும் டீம் மாற்றிவிட்டார்கள், வாரம் முழுக்க டிரைவ் பண்ணிப் போகவேண்டும், வந்தால் முதுகு வலி. நம் தெருவில் பிள்ளைகள் சத்தமே இல்லை. போன ஹாலோவீனுக்கு வாசலில் வந்து கேட்கிற பிள்ளைகளுக்கென்று வாங்கின சாக்லேட் பொங்கல் வரைக்கும் கிடந்தது. வீடுகள் அதே வீடுகள், ஆட்களும் அதே ஆட்கள், பிள்ளைகள் மட்டும் வளர்ந்து போய்விட்டார்கள். புதிதாகக் கல்யாணம் ஆகி வருகிறவர்களுக்கு இங்கே வீட்டு விலை எட்டுவதில்லை, வடக்கே ப்ராஸ்பர், செலைனா என்று போய்விடுகிறார்கள். விசா தொல்லையில் பாதிப் பேர் வருவதே இல்லை. யாரைக் குறை சொல்ல. நீயும்தான் போனாய். நீ நம் மிடில் ஸ்கூலில் படித்தபோது இடம் போதாமல் பின்னால் வரிசையாகப் போர்ட்டபிள் வகுப்பறைகள் போட்டிருந்தார்களே, மழையில் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுவாயே, அதையெல்லாம் டிரக்கில் ஏற்றிக்கொண்டு போய் வெகுநாள் ஆகிறது. அவை இருந்த இடத்தில் மட்டும் புல் வேறு நிறம். பள்ளியில் என் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் செவ்வகம் செவ்வகமாகத் தெரியும்.

மிச்சம் இருந்த பிள்ளைகளுக்குத்தான் சார்ட்டர் பள்ளி வந்தது. பப்ளிக் ஸ்கூலில் டீச்சராக இருக்கிறவளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரசாங்கப் பணம், தனி நிர்வாகம், பீஸ் கிடையாது, குலுக்கலில் சீட்டு. பிள்ளை எங்கே போகிறதோ பணமும் அதன் பின்னால் போகிறது. இங்கே வந்த புதுப் பள்ளி ஒரு பழைய ஃபர்னிச்சர் கடையில் நடக்கிறது. கெட்ட இடம் என்று சொல்ல மாட்டேன், நானே போய்ப் பார்த்தேன். இளம் டீச்சர்கள், உன் வயசுதான் இருக்கும், பிள்ளைகளின் பேரைத் தப்பில்லாமல் சொல்கிறார்கள். ஜன்னல் கிடையாது. கணக்கு நன்றாக நடக்கிறது. நம் ஆட்களின் பழக்கம் உனக்குத் தெரியும். எங்கே அப்ளிகேஷன் கொடுத்தாலும் ஒன்று போட்டு வைப்பார்கள். கோவிலில், பாட்லக் விருந்தில், கடையில் காய் பொறுக்கும்போது, எங்கே பார்த்தாலும் என் காதருகே வந்து அதே பேச்சு. நீங்க ஸ்கூல்லயே வேலை பாக்கறீங்க, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நாங்க போகப்போறதில்ல, சும்மா போட்டு வச்சிருக்கோம், ஒரு பேக்கப். எதிர்வீட்டுப் புஷ்பவல்லி சும்மா போட்டாள். நெடுஞ்செழியன் சும்மா போட்டார். ஒருத்தரும் போக நினைக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும். நான் நம்பினேன்.

மார்ச்சில் நடந்த ஸ்கூல் போர்டு மீட்டிங்கைப் பற்றி உனக்கு நல்ல சேதியை மட்டும்தான் சொன்னேன். பிள்ளைகள் குறைந்துவிட்ட நம் மிடில் ஸ்கூலை மூடும் தீர்மானம் அன்றைக்கு ஓட்டுக்கு வருவதாக இருந்தது. ஹால் நிறைய நம் ஆட்கள், எல்லாரும் பள்ளியின் பச்சை டி-ஷர்ட்டில். நீ அனுப்பின ஈமெயிலைப் பிரின்சிபல் எழுந்து வாசித்தார். போர்ட்டபிளில் மழைச் சத்தத்துக்கு மேல் கத்திப் பாடம் நடத்தின டீச்சரைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். நெடுஞ்செழியன் பேசினார். இது வெறும் பில்டிங் இல்லை, எங்கள் பிள்ளைகளின் இரண்டாவது வீடு என்று ஆங்கிலத்தில் அடுக்கினார், பெரிய கைதட்டல். அப்பாவும் பேசினார், அவர் மேடையில் பேசி நான் பார்த்ததே இல்லை. எல்லாம் முடிந்ததும் போர்டில் இருந்த ஒருவர், அதிகம் பேசாதவர், மைக்கை இழுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆகஸ்டில் உங்கள் பிள்ளையை இங்கே அனுப்பப் போகிறவர்கள் யார் யார், கை தூக்குங்கள். ஹாலில் ஒரு கை கீழே இல்லை. நான் பின்வரிசையில் இருந்தேன். பச்சை முதுகுகள், அதற்கு மேல் கைகள். என் காதில் சும்மா என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் முன்னால். குலுக்கல் முடிந்து யாருக்கெல்லாம் சீட்டு விழுந்திருக்கிறது என்று பாதி எனக்குத் தெரியும். விஷாகா பக்கத்தில் இருந்தாள், அவளுக்கு அடுத்து அப்பா. அப்பாவின் கையும் மேலே. என் கையாவது பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த மனிதர் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஒரு வருஷம் தள்ளி வைத்தார்கள். அக்டோபர் கடைசியில் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணும்போது மேற்கொண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று.

நான் உனக்கு மெசேஜ் போட்டதும் நீ அழுதுகொண்டே கூப்பிட்டாயே, அது பார்க்கிங்கில். அதற்குப் பிறகு காரில் நடந்ததுதான் உனக்குத் தெரியாது. அப்பா சந்தோஷத்தில் இருந்தார், தோசை சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். நான் பின்னால் திரும்பி விஷாகாவிடம், இனிமே கவலை இல்லடி, ரிதாவும் நீயும் ஒரே கிளாஸ்ல சேந்தே இருக்கலாம் என்றேன். அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், அப்பா போன வாரமே அந்த சார்ட்டர் சீட்டை அக்செப்ட் பண்ணிவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறாள். சிக்னலில் நின்றோம். இண்டிகேட்டர் சத்தம். சும்மாதான் ஜலஜா போட்டு வச்சேன், விழும்னு யார் நெனச்சா, விழுந்த சீட்ட எவனாவது விடுவானா என்றார் அப்பா. அப்புறம் எதுக்குக் கைய தூக்கினீங்க என்று கேட்டேன். அந்த ஸ்கூல் இருக்கணும்னு நெஜமாத்தான் தூக்கினேன் என்றார். உண்மையைத்தான் சொன்னார் ஸ்ம்ருதி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தோசை சாப்பிடவில்லை.

சீட்டைத் திருப்பிக் கொடுக்கக் கோடைக்காலம் முழுக்க நேரம் இருந்தது. நீ கேட்கிற கேள்வி அதுதானே. கொடுக்கலாம் என்று விஷாகாவை உட்காரவைத்துப் பேசினேன். உன் ஈமெயிலைச் சொன்னேன், ரிதாவைச் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு, அங்கே மிஞ்சுகிற கடைசி ஆளாக நான் இருக்க மாட்டேன் அம்மா என்றாள், அதையும் ஆங்கிலத்தில்தான். பன்னிரண்டு வயசு. மறுநாள் கூட்டிக்கொண்டு போய்ப் புதுப் பள்ளியின் மெரூன் சட்டையும் காக்கிப் பேன்ட்டும் வாங்கிக் கொடுத்தேன். நானேதான் வாங்கிக் கொடுத்தேன். ஆகவே, நீயுமா அம்மா என்று நீ அனுப்பின ஒரு வரி மெசேஜுக்குப் பதில், ஆமாம், நானும்தான்.

ஆகஸ்டில் பள்ளி திறந்த அன்றைக்குக் காலையில் பச்சை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். நீ படித்தபோது பிள்ளைகளை இறக்கிவிட வரும் கார் வரிசை மெயின் ரோடு வரைக்கும் நிற்கும், போலீஸ்காரர் வந்து விலக்குவார். இந்தத் தடவை மூலை கூடத் திரும்பவில்லை. பிரின்சிபல் கையில் மைக்குடன் நின்று ஒவ்வொரு காராக வரவேற்றார், சீக்கிரமே வரவேற்க யாரும் இல்லாமல் போய்விட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. முதல் பீரியட் ஆரம்பித்ததும் ரிதா என் ஜன்னலுக்கு வந்தாள். சாலிஹாவின் பெண், நீ கடைசியாகப் பார்த்தபோது பல் கம்பி போட்டிருந்தாள், இப்போது எடுத்துவிட்டார்கள், சிரித்தால் அழகாக இருக்கிறது. ஆன்ட்டி, விஷாகாவுக்கு உடம்பு சரியில்லையா, பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்திருக்கிறேன், டீச்சர் பையை எடுக்கச் சொல்கிறார் என்றாள். உன் தங்கை அவளிடம் சொல்லவே இல்லை. கோடை முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். வருகைப் பதிவு பார்ப்பது என் வேலை, வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று சொல்லவேண்டியவள் நான். சொன்னேன். ரிதா ஓகே ஆன்ட்டி என்றாள். போகும்போது கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுக்க எனக்குப் போன் வேலை. முதல் நாள் வராத பிள்ளைகளின் வீட்டுக்குக் கூப்பிட்டு எங்கே சேர்ந்திருக்கிறார்கள் என்று கேட்கவேண்டும், அது ஒவ்வொரு வருஷமும் உண்டு. இத்தனை பேர் இருந்ததில்லை. எல்லாரும் தெரிந்த குரல்கள். எல்லாரும் ஒரே பதில். ஒரு வருஷம் பாத்துட்டு வந்துடறோம் ஜலஜா, செட் ஆகலேன்னா அங்கதானே வரணும், எங்க இடத்த வச்சிருங்க என்றாள் புஷ்பவல்லி. நம் வீட்டையும் விட முடியாது, விதி விதிதான். அப்பாவைக் கூப்பிட்டேன். ஸ்கூல் நம்பரைப் பார்த்துவிட்டு, என்னாச்சு என்று பதறினார். ஒண்ணுமில்ல, விஷாகா சபரிநாதன் இந்த வருஷம் திரும்பி வரப்போறாளா என்று கேட்டேன். ஒரு வருஷம் பாக்கலாமே, ஸ்கூல் எங்க போயிடப் போகுது என்றார். எழுதிக்கொண்டேன். முன்பு அந்தப் புதுப் பள்ளி இவர்களுக்குப் பேக்கப்பாக இருந்தது. இப்போது நாங்கள்.

போன சனிக்கிழமை ஹனுமான் கோவிலுக்குப் போனோம். நெடுஞ்செழியன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். என்னங்க இது, இவ்ளோ போராடிக் காப்பாத்திக் குடுத்தோம், கிளாஸெல்லாம் காலியாமே, நம்ம ஜனங்களுக்கு ஒரு கமிட்மென்ட்டே கிடையாதுங்க என்றார். பக்கத்தில் அவர் பிள்ளை நின்றான். லீவு நாளிலும் மெரூன் சட்டை. அவர் கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். அப்பா தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாலிஹாவை எப்படிப் பார்ப்பது என்று எனக்குப் பயமாக இருந்தது. மாலையில் பெண்ணைக் கூட்டிப்போக வருவாள், நான் பின்வழியாகப் போய்விடுவேன். ஒருநாள் பிடித்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். சாலிஹா, கை தூக்கின மாதிரியே பெண்ணை அனுப்பினது நீ ஒருத்திதான் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நீங்க வேறக்கா, நானும் சும்மா போட்டுத்தான் வச்சேன், ரிதாவுக்கு சீட்டு விழல என்றாள். பிறகு இரண்டு பேரும் வெயிலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றோம். யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு ஹாலில் கை தூக்கியவர்களில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினவர்கள் குலுக்கலில் பேர் வராதவர்கள் மட்டும்தான்.

அக்டோபர் கடைசியில் எண்ணுவார்கள். எண்ணிக்கை என்ன வரும் என்று எனக்கு இப்போதே தெரியும், அனுப்பப் போகிறதே நான்தான். இந்தத் தடவை மீட்டிங்குக்கு யாரும் பச்சை டி-ஷர்ட்டில் வர மாட்டார்கள். என்னை வேறு பள்ளிக்கு மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். விஷாகா புது இடத்தில் நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் சாப்பிடும்போது பேசுவதில்லை, ரிதா கூப்பிட்டால் எடுப்பதில்லை. அந்தப் பழக்கம் இந்த வீட்டில் எங்கிருந்து வந்தது என்று நான் எழுத வேண்டாம். அவளை நீ கூப்பிடு. என்னோடு பேச வேண்டாம், அவளோடு பேசு. ரிதாவைக் கூப்பிடச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

உன் அறையை ஆபீஸ் ரூமாக மாற்றிக்கொள்ளட்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். நீ திரும்பி வந்து இங்கே இருக்கப்போவதில்லை, அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிப் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஏதோ பேப்பர் கொடுக்க ரிதாவின் வகுப்புக்குப் போனேன். பாதி நாற்காலிகள் காலி, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், யாரும் யாருக்கும் இடம் பிடிக்க வேண்டியதில்லை. அவள் பக்கத்து நாற்காலியில் பையை வைத்திருந்தாள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நல்லபடியாக இரு. உன் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் மிஞ்சினாலும் அத்தனை பேருக்கும் நீ நல்ல டீச்சராக இருப்பாய், அந்த ஆசீர்வாதம் அப்பாவுடையதும் என்னுடையதும். பனி விழுவதற்குள் காருக்கு டயர் மாற்று, போன வருஷம் போலக் கடைசி வரை விடாதே. ஃப்ளூ ஊசி போட்டுக்கொள். நவராத்திரிக்கு அனுப்பின பெட்டியில் புடவைக்கு அடியில் பருப்புப்பொடி இருக்கிறது.

கோபம் தீராவிட்டாலும் போனை எடு.

அன்புடன்,
அம்மா
(ஜலஜா)