ராகேல் தானாகச் சொன்ன பதில்

தோவாளை
8 ஜூன் 2023

அன்பு மகன் பிரைட்டனுக்கு,

அப்பா சொல்ல, அடுத்த வீட்டு ஞானசெல்வி எழுதுவது. போனில் நீ பேசுவது என் காதில் ஏறவில்லை, அதனால்தான் கடுதாசி.

உன் ஆராய்ச்சிக் கேள்விகளை இந்த மாதமும் அம்மாவிடம் நான் கேட்க, ஞானசெல்வி போனில் பதிந்து அனுப்பிவிட்டாள். அம்மா ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள். "ராகேல் அத்தையவிட மாமாவுக்குத்தான் பரீட்ச பயம்" என்று இவள் கேலி செய்கிறாள். ஆகஸ்டில் வருவாய்தானே?

செல்வதாஸ், கைநாட்டு

அமெரிக்கா
2 ஜூலை 2023

அன்புள்ள அப்பா,

மூளை மருத்துவர்கள், கணினித் துறையினர், மொழியியல் துறையினர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அம்மாவின் குரலைக் கேட்டோம். மறதி நோயில் மாதாமாதம் சொற்கள் குறையும், அம்மாவுக்குக் கூடியிருக்கிறது! இன்னும் காலமிருக்கிறது அப்பா. ஆகஸ்ட் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வந்து ஒரு மாதம் அவளோடு இருப்பேன்.

உங்கள் பிரைட்டன்

தோவாளை
20 அக்டோபர் 2023

மக்கா பிரைட்டன்,

மூன்றே நாள் காய்ச்சலில் போன அம்மாவை அடக்கம் செய்துவிட்டு, நீ விமானம் ஏறிப் பத்து நாளாயிற்று. கல்லறைத் தோட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தானே பேசுனாங்கப்பா, நேரம் இருக்குன்னு நெனச்சேனே" என்று அழுதாய். உண்மையை இப்போது சொல்கிறேன்.

அம்மாவுக்கு ஒன்றும் ஞாபகமிருக்கவில்லை. சண்டே ஸ்கூல் பரீட்சைக்கு வசனம் உருப்போட வைப்பதுபோல, பதிகிற அன்று காலையிலிருந்து நான்தான் பதில்களைச் சொல்லிக்கொடுப்பேன். சரியாக வரும்வரை பழையதை அழித்துவிட்டு மறுபடி பதியச் சொல்வேன். படித்தவர்கள் முன்னால் உன் அம்மா தோற்கக் கூடாது என்று நினைத்துவிட்டேன். டிக்கெட்டை ரத்து செய்ததாக நீ எழுதியபோதாவது சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. நீ அவளை உயிரோடு பார்க்காமல் போனதற்கு நானே காரணம்.

செல்வதாஸ், கைநாட்டு

அமெரிக்கா
12 நவம்பர் 2023

அப்பாவுக்கு,

அம்மாவின் பதிவுகளை ஆய்விலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். காரணத்தையும் மூன்று துறைகளுக்கும் எழுதிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். என்னைப் பற்றிக் கேட்டபோது அம்மா தானாக என்ன சொன்னாள்? நீங்கள் எதையும் மறக்கிறவரில்லை.

பிரைட்டன்

தோவாளை
4 டிசம்பர் 2023

மக்கா,

மறக்கவில்லை. மே பத்து, புதன்கிழமை. "ஏட்டி, ஒனக்க மவன் எங்க?" என்று கேட்டேன். எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்தாள். "ஸ்கூல் விட்டு இன்னும் வரல்ல. மழ வருது, பிள்ள கொட கொண்டு போவல்ல. நீங்க இங்க இருந்து என்ன செய்யியீங்க? போய் விளிச்சிட்டு வாருங்க" என்றாள்.

பதிவு செய்த ஐந்து மாதமும் இதையேதான் முதலில் சொன்னாள். தப்பான பதில் என்று நான்தான் அழிக்கச் சொன்னேன்.

செல்வதாஸ், கைநாட்டு