புரட்டாசியில் கறி சுட்ட மெஷின்

செப்டம்பர் 23, திங்கள்

இன்று தைராய்டு ஆபரேஷனுக்கு நடுவில் எங்கள் காட்டரி மெஷின் உயிரை விட்டது. கரண்ட்டால் சதையை வெட்டுவதும், ரத்தம் கசியும் இடத்தைச் சுட்டு அடைப்பதும் அதுதான். வேறு சர்ஜனாக இருந்தால் தியேட்டரே அதிர்ந்திருக்கும். ஸ்ரீமதி நூல் கேட்டாளாம். ஒவ்வொரு ரத்தக் குழாயாகக் கட்டி முடித்தாளாம். அமராவதி சிஸ்டர் வந்து சொன்னார். கட்டிய புருஷனாகப் பெருமைப்பட்டேன். ஆஸ்பத்திரி மேனேஜராக மெஷின் விலையைக் கணக்குப் போட ஆரம்பித்தேன். வெளியே வந்தவள் காபியைக் குடித்துவிட்டு, வேறு மெஷின் வாங்கியே ஆகணும் என்றாள்.

செப்டம்பர் 25, புதன்

நல்ல காலம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் தாய்மாமா டாக்டர் சுப்பராயலு தன் ஆஸ்பத்திரியை மூடுகிறார். அவருடைய மெஷினைச் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். என்னைப் படிக்க வைத்தவர். ஸ்ரீமதியிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றாள். பார்க்கலாம் என்றால்? வாங்கிக்கொள்ளலாம் என்றுதானே?

செப்டம்பர் 28, சனி

கடலூர் போனோம். புரட்டாசிச் சனிக்கிழமை. ராமாமிர்தம் அத்தை பெருமாளுக்குப் படைத்துக்கொண்டிருக்கும்போது என் மனைவி டிபன் பாக்ஸைத் திறக்கிறாள் — உள்ளே கோழிக்கறி! காட்டரியைக் கறியில் வைத்துத்தான் சோதிப்பார்கள், அது தெரியும். நாள் கிழமை தெரிய வேண்டாமா? கார் ஷெட்டுக்கு ஒயர் இழுத்து மெஷினை அங்கே வைத்தோம். அத்தை ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மெஷின் வெண்ணெயாக வெட்டியது. மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நோயாளியின் தொடையில் வைக்கும் பிளேட் ஒன்று உண்டு. கரண்ட் உடம்பை விட்டு வெளியேறும் வழி அது. கறிக்கு அடியிலிருந்த அந்தப் பிளேட்டை முக்கால்வாசி வெளியே இழுத்துவிட்டு ஸ்ரீமதி மறுபடி வெட்டினாள். மெஷின் மூச்சே விடாமல் வெட்டியது. அவள் ஸ்விட்சை அணைத்தாள்.

"பிளேட்டு பேந்துகிட்டா இது சொல்லாது மாமா. தொட்டுகிட்டு இருக்கற எடத்துல சுட்டுடும். மயக்கத்துல இருக்கறவங்க எப்படிக் கத்துவாங்க?"

தன் கையில் இதுவரை யாருக்கும் சுட்டதில்லை என்றார் மாமா.

"நீங்க ஒவ்வொரு தடவையும் கைய வுட்டுப் பாத்திருப்பீங்க. நான் ஒரு நாள் மறந்துட்டா?"

வேண்டாம் என்றுவிட்டாள். மாமா முகம் சுருங்கிப்போனது.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு அவள்மேல் கோபம். வைக்க இடமில்லை என்று ஏதாவது பொய் சொல்லித் தொலைத்திருக்கலாமே. ஆனாலும் — அந்த முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்ல எனக்கு வருமா? வராது. அதற்கு ஒரு நெஞ்சு வேண்டும்.

அக்டோபர் 9, புதன்

புது மெஷின் வந்தது. பிளேட் சரியாக ஒட்டாவிட்டால் கத்தும், கரண்ட்டை விடாது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மாமா கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், அத்தைதான் எடுத்தார்.

நவம்பர் 14, வியாழன்

அத்தைக்குப் பித்தப்பையில் கல். புதுச்சேரியில் மாமாவுக்குத் தெரியாத சர்ஜனா? இங்கே சிதம்பரத்துக்கே அழைத்து வருகிறேன் என்று போனை வைத்துவிட்டார். ஸ்ரீமதியிடம் சொன்னேன். ரத்த ரிப்போர்ட்டையெல்லாம் அனுப்பச் சொல்லுங்க என்றாள், அவ்வளவுதான்.

நவம்பர் 18, திங்கள்

தையல் போட்டால் தலைக்குக் குளிக்க முடியாதே என்று அத்தை நேற்று உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருக்கிறார். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆபரேஷன் பாதியில் மெஷின் கத்தி நின்றது. தொடையில் பிளேட் வழுக்கிப் பெயர்ந்திருந்தது. ஸ்ரீமதி கையை எடுத்துக்கொண்டாள்; சிஸ்டர் நன்றாகத் துடைத்து வேறு பிளேட் ஒட்டினார்; மறுபடி ஆரம்பித்தாள். மாமா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அத்தை தொடையில் சின்னச் சிவப்புகூட இல்லை.

சாயங்காலம் மாமா என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். தன் மெஷினைப் பண்ருட்டியில் ஒரு டாக்டருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாராம். என் எதிரிலேயே அவருக்குப் போன் போட்டார்.

"அந்த மெஷின் வேணாம் தம்பி. புதுசா வாங்கிக்குங்க. எத வாங்கறதுன்னு சிதம்பரத்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்க, அவுங்களக் கேட்டுச் சொல்றேன்."