இருபத்தொரு தவறான விடைகள்

மயிலாப்பூர்,
தை மாதம், செவ்வாய்க்கிழமை காலை.

சௌபாக்யவதி ஸ்ரீலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம்.

இங்கே நான் சௌக்கியம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். சௌக்கியமா இல்லையா என்பதைக் கடைசி வரி வரை படித்துவிட்டு நீயே தீர்மானித்துக்கொள். தினமும் காலை ஆறரை மணிக்கு ஃபோனில் பேசுகிற மனுஷன் கடிதம் எதற்கு எழுதுகிறார் என்று நீ புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. ஃபோனை நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சப்பாத்தி மாவு பிசைகிறாய். பக்கத்தில் ஸ்ரீவத்ஸன், அவன் மனைவி, குழந்தைகள் எல்லாரும் இருக்கிறார்கள். நான் சொல்ல வேண்டியது உனக்கு மட்டும். அதனால்தான் லீவில் வந்திருக்கும் மாடி வீட்டுப் பெண் மஹதியிடம் கொடுத்தனுப்பும் சாம்பார் பொடிக்கு அடியில் இதை வைத்திருக்கிறேன். பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் அந்தப் பாக்கெட்டைத் தொடமாட்டார்கள். நீதான் பிரித்து டப்பாவில் கொட்டுவாய்.

மஹதி வியாழக்கிழமை கிளம்புகிறாள். அவளும் அங்கே உங்கள் ஊரிலேயே இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். உன் அமெரிக்கக் குடியுரிமைப் பரீட்சைக்கு அதற்கப்புறமும் பத்து நாள் இருக்கும். நீ நினைத்தால் பத்து நாள் தாராளம்.

முதலில் இங்கத்திய சமாசாரம். லஸ்ஸில் மெட்ரோ வேலை இன்னும் முடியவில்லை. மந்தவெளிக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டியிருக்கிறது. நான் எங்கும் அதிகம் போவதில்லை. தேங்காய் வாங்கினால் ஒரு மூடி போதும், இன்னொரு மூடி ஃப்ரிட்ஜில் கிடந்து பிசுபிசுத்துப் போகிறது. குக்கரில் எவ்வளவு அரிசி வைத்தாலும் மறுநாளைக்கும் மிஞ்சுகிறது. பேப்பரை இப்போதும் உரக்கத்தான் படிக்கிறேன். முக்கியமான இடம் வந்தால் நிறுத்துகிறேன். நீ சமையலறையிலிருந்து 'ம்' சொல்வதற்காக நிறுத்திப் பழகிய வாய். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறேன்.

சரி, இழுத்தது போதும். சைதாப்பேட்டை கோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் சுருக்கெழுத்தராக இருந்தவன் நான். சாட்சி சொன்னதில் ஒரு எழுத்தை மாற்றி அடித்தேன் என்று யாரும் விரல் நீட்டியதில்லை. அந்தக் கையாலேயே உனக்கு ஒரு துரோகம் செய்திருக்கிறேன்.

ஐப்பசியில் உனக்காக நான் எழுதி அனுப்பினேனே, அந்த நீள நோட்டு. அமெரிக்கப் பரீட்சையின் நூறு கேள்விகள், இங்கிலீஷ் வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில், கீழே அதற்கு அர்த்தம். ஸ்ரீவத்ஸன் ஃபோனில் ஏதோ ஆப் போட்டுத் தந்தபோது நீ வேண்டாம் என்றாயாம். அப்பா கையெழுத்தில் இருந்தால் கோர்ட் ரெக்கார்டு மாதிரி, அதில் தப்பு இருக்காது என்றாயாம். அவன்தான் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். அந்த நோட்டில் இருபத்தொரு விடைகள் தப்பு. கைதவறி வந்த தப்பு இல்லை. தெரிந்தே எழுதினேன்.

எப்படி எழுதினேன் தெரியுமா? அவர்கள் கணக்கை எடுத்துவிட்டு நம் ஊர்க் கணக்கை வைத்தேன். அவர்கள் ஜனாதிபதிக்கு நாலு வருஷம், நான் ஐந்து என்று எழுதினேன். அவர்கள் கீழ்ச்சபையில் ஓட்டுப் போடும் உறுப்பினர்கள் நானூற்று முப்பத்தைந்து, நான் நம் லோக்சபாவின் ஐந்நூற்று நாற்பத்து மூன்றை எழுதினேன். கீழ்ச்சபை உறுப்பினருக்கு அங்கே இரண்டே வருஷம், நான் ஐந்து போட்டேன். யாராவது கண்டுபிடித்தால், வயசாகிவிட்டது, நம்ம ஊர் ஞாபகத்தில் எழுதிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம் அல்லவா? அவ்வளவு யோசித்திருக்கிறேன். அவர்கள் அரசியல் சாசனத்தின் முதல் வார்த்தைகள் என்ன என்ற கேள்வியில் மட்டும் கை வைக்க முடியவில்லை. 'மக்களாகிய நாம்' என்றுதான் அதுவும் ஆரம்பிக்கிறது, நம்முடையதும் ஆரம்பிக்கிறது.

பத்துக் கேள்வி கேட்பார்கள், ஆறு சரியாக இருந்தால் போதும். அப்படியிருக்க இருபத்தொன்றை மாற்றி என்ன பிரயோஜனம் என்று நீ கேட்கலாம். உன்னை எனக்குத் தெரியும், லக்ஷ்மி. பேங்கில் ஒரு தடவை உன் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று அந்தப் பெண் சொன்னதும், அடுத்துப் போட்ட நாலு கையெழுத்தும் கோணிப் போயிற்று. எதிரில் இருப்பவர் ஒரு தடவை தலையை ஆட்டி 'இல்லை' என்றால், தெரிந்ததெல்லாம் உனக்கு மறந்துவிடும். நாற்பத்தொரு வருஷம் கூட இருந்து தெரிந்துகொண்டதை இதற்கா உபயோகித்தேன் என்று நினைத்தால் எனக்கே கூசுகிறது. தவறினால் இன்னொரு தடவை கூப்பிடுவார்களாம். அதற்குள் நீ, போதும்டா அப்பா, நான் ஆத்துக்கே போறேன் என்று ஸ்ரீவத்ஸனிடம் சொல்லிவிடுவாய் என்று கணக்குப் போட்டேன்.

தினமும் காலையில் நான் கேட்பேன், நீ பதில் சொல்வாய். ஐந்து வருஷம் என்பாய். கரெக்ட் என்பேன். நீ குழந்தைகளிடம் திரும்பி, பாத்தேளா, பாட்டிக்குத் தெரியறது என்பாய். மூன்று மாதமாக இப்படித்தான். அப்பா கரெக்ட் என்றால் கரெக்ட்தான் என்று ஸ்ரீவத்ஸனும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். ஆறு வருஷம் முன்னால் ஸ்ரீவத்ஸனுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது இரண்டு பேரும்தானே போனோம். எனக்கு நாலு மாதத்தில் மூச்சு முட்டியது. ஆறு மாதத்தில் நீயும் வந்துவிடுவாய் என்று நான் முன்னால் வந்தேன். பிறகு உன் கிரீன் கார்டுக்காக அங்கே இருக்க வேண்டும் என்றார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாய், இப்போது இரண்டு வருஷமாக அதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் குழந்தைகளுக்காகத்தான் இருக்கிறாள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

ஆடி மாதம் நீ அந்த நகர சபைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாய். அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சிக்னல் இல்லை என்று நீயே போய் மைக்கின் முன்னால் நின்றாயாம். யார் வேண்டுமானாலும் பேசலாமாம், ஆளுக்கு மூன்று நிமிஷம். ஏன்னா, ஒருத்தரும் குறுக்கே பேசலை, எல்லாரும் என்னையே பாத்துண்டு கேட்டா என்று சொன்னாய். சிக்னல் வந்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லை, ஆனால் எழுதிக்கொண்டார்கள் என்றாய். அதற்கே அவ்வளவு சந்தோஷம். கல்யாணமான நாளிலிருந்து உன் குரலில் நான் கேட்காத சந்தோஷம். ஃபோனை வைத்துவிட்டு நான் யோசித்துப் பார்த்தேன். இந்த வீட்டில் நான் குறுக்கே பேசாமல் நீ மூன்று நிமிஷம் பேசியதாக ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை. அதற்கு வெட்கப்பட்டிருக்க வேண்டும். நான் பொறாமைப்பட்டேன். புரட்டாசியில் நீ, எனக்கும் அங்க ஓட்டு வேணும், நோட்டு எழுதிக் கொடுங்கோ என்றபோது எனக்கு வந்த கோபத்தை மறைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன்.

அந்தக் கேள்விகளை எழுத எழுத என்னை யாரோ கூண்டில் ஏற்றி விசாரிக்கிற மாதிரி இருந்தது. அரசாங்கத்தில் ஒரு பிரிவு மிஞ்சிப் போகாமல் எது தடுக்கிறது என்று ஒரு கேள்வி. சட்டம் போடுகிறவர் ஒருவர், நடத்துகிறவர் ஒருவர், தீர்ப்புச் சொல்கிறவர் ஒருவர், ஒருவரை ஒருவர் தடுக்கலாம் என்று பதில். நம் வீட்டில் மூன்றும் நான்தான். பாட்டு கிளாஸ் வேண்டாம் என்று சட்டம் போட்டேன், சுருதிப் பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்தேன், நீ அழுதபோது அது அனாவசியம் என்று தீர்ப்பும் சொன்னேன். ஆளப்படுகிறவர்களின் சம்மதத்தில்தான் அரசாங்கத்துக்கு அதிகாரம் வருகிறது என்று அவர்கள் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியிருக்கிறது. உன் சம்மதத்தை நான் என்றைக்குக் கேட்டேன்? அந்த ஊரிலும் எழுதியபடி எல்லாம் நடக்கிறதா என்றால் இல்லை, டிவியில் தினமும்தான் பார்க்கிறேன். எழுதியாவது வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் தப்பு விடைகளோடுதான் நோட்டை அனுப்பினேன். திருந்தியது போன வாரம்தான். இஸ்திரி போடும் அம்மாசி தெரியுமே, முனையில் வண்டி. இன்னா சார், இந்த வாட்டியும் உங்க சட்டை மட்டுந்தானா, அம்மா பொடவை எப்ப வரும் என்று கேட்டான். நீ பரீட்சைக்குப் படிக்கிறாய் என்றேன். அங்க பெரிய ஆளு தப்பு பண்ணா யாரு சார் கேப்பாங்கோ என்றான். நான் நிமிர்ந்து நின்று, அங்கே சட்டத்தின் ஆட்சி, யாரும் சட்டத்துக்கு மேலே இல்லை, பரீட்சையிலேயே அந்தக் கேள்வி உண்டு என்று விளக்கினேன். அவன் பெட்டியைத் தூக்கிச் சட்டைக் காலரில் வைத்துக்கொண்டே, அத்தெல்லாம் வெளியில கீது சார், ஊட்டாண்ட யாரு கேக்கறா என்றான். அவன் தன் வீட்டு ஞாபகத்தில் சொன்னான். நான் சட்டையை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

அதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, நீ அந்தக் குண்டைப் போட்டாய். காலை ஃபோனில் ஓட்டுரிமையைப் பற்றிய கேள்வி வந்தது. எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னாய்: ஏன்னா, ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் வழி பூரா எந்தச் சின்னம்னு சொல்லிண்டே வருவேளே, அதுல ஒரு தடவைகூட நான் போட்டதில்லை. மாட்டுப்பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அத்தனை தேர்தலிலும் விரலில் மையோடு என் பக்கத்தில் நடந்து வந்து, நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருந்த வீட்டில் காபி கலந்து கொடுத்திருக்கிறாய். உனக்கென்று ஒரு மனசு எப்போதும் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொள்ள உனக்கு ஓட்டுச்சாவடியில் அந்த மறைப்புக்குப் பின்னால் ஒரு நிமிஷம்தான் கிடைத்திருக்கிறது.

ஆகையால் தனித் தாளில் இருபத்தொரு கேள்விக்கும் சரியான விடைகளைச் சிவப்பு மையில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஸ்ரீவத்ஸனின் ஆப்பில் ஒவ்வொன்றையும் ஒத்துப் பார்த்துக்கொள். இனி என் கையெழுத்தை நம்பாதே. இந்தக் கடிதத்தை அவனிடம் காட்ட வேண்டும் என்று தோன்றினால் காட்டு. காலை ஃபோனில் இனிமேல் நீ கேள்வி கேள், நான் பதில் சொல்கிறேன். தப்பாகச் சொன்னால் எல்லார் முன்னாலும் திருத்து.

அதிகாரி முன்னால் பதறாதே. ஒன்று தப்பானால் தப்பு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்ததற்குப் போ. மைக்கின் முன்னால் நின்றவள் நீ. உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடிப் போவது என்று மூன்று உரிமைகள் வருமே, அதில் மூன்றாவதை நீ எப்போதும் மறந்துவிடுகிறாய். அதை நன்றாக நெட்டுருப் போடு.

என் கணக்குப் பலித்தால் இந்த வீட்டில் மறுபடி இரண்டு தட்டில் சாதம் வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். தனியாக இருக்கிறேன் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிடிக்கவில்லை, பசிக்கவில்லை, உப்பில்லை என்றெல்லாம் சொல்லத் தெரிந்தவனுக்கு இந்த ஒரு வாக்கியம் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன். இதைப் படித்துவிட்டு நீ கிளம்பி வந்துவிடக் கூடாது. பரீட்சை எழுதாமல் வந்தால் கதவைத் திறக்கமாட்டேன்.

ஜெயித்த பிறகு நீ எடுக்க வேண்டிய உறுதிமொழியை நிதானமாக ஐந்து தடவை படித்தேன். இதுவரை குடிமகளாக இருந்த நாடு, அதன் அரசு, அதிபதி என்று எல்லா விசுவாசத்தையும் விட்டுவிட வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. கணவன் என்று எங்கும் இல்லை. கோர்ட்டில் இருந்தவன் என்பதால் திரும்பத் திரும்பப் பார்த்தேன், நிச்சயமாக இல்லை.

அப்புறம் நம் ஊருக்கு வர நீ விசாவுக்கு எழுதிப் போட வேண்டியிருக்குமாம். மஹதி அந்த விண்ணப்பத்தைக் காட்டினாள். இந்தியாவில் உனக்குத் தெரிந்தவர் ஒருவரின் பெயரும் விலாசமும் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என் பெயரை எழுதுவாயா, லக்ஷ்மி? உனக்குச் சம்மதம் இருந்தால் மட்டும். விலாசம் மாறவில்லை.

நன்றாக இரு.

கிருஷ்ணஸ்வாமி